கோடியக்கரை: கரை திரும்பும் இடம்

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழனின் குடவோலைக் கல்வெட்டு 1,100 ஆண்டுகளாக அழியாமல் இருக்கிறது. அதே சோழர் காலத்தது என்று சொல்லப்படும் கலங்கரை விளக்கம் ஒன்று கோடியக்கரையில் நின்றது. 2004 டிசம்பர் 26 சுனாமி அதைச் சாய்த்துவிட்டது. இன்று மிச்சம் இருப்பது இடிந்த செங்கல் கட்டுமானம்தான்.

உத்திரமேரூரிலிருந்து காரில் கிளம்பினால் மதுராந்தகம், திண்டிவனம், கடலூர், சிதம்பரம், நாகப்பட்டினம், வேதாரண்யம் வழியாகச் சுமார் 300 கிலோமீட்டர். விடியற்காலை புறப்பட்டால் மாலை வெயில் தாழும்போது கடலைப் பார்த்துவிடலாம். வேதாரண்யம் தாண்டியதும் அகத்தியம்பள்ளி உப்பளங்கள். 1930இல் ராஜாஜி தலைமையில் உப்பு அள்ளிய பூமி இது. அதன்பின் காடு. அப்புறம் காற்றுதான்!

சென்னையிலிருந்து தெற்கே நீளும் கரை இங்கே சட்டென்று மேற்கே திரும்புகிறது. கிழக்கே வங்கக் கடல், தெற்கே பாக் நீரிணை. மறைப்பாக ஒரு குன்றுகூட இல்லாததால் காற்று நேராக முகத்தில் மோதும். இங்குள்ள குழகர் கோயிலுக்கு சேரமான் பெருமாளோடு வந்த சுந்தரர், ஆளரவமே இல்லாத இந்தக் கடற்கரையில் இறைவன் தனியாக இருக்கிறாரே என்று மனம் வருந்திப் பாடினாராம். ஒரு மாலை அங்கே நின்று பார்த்தவர்களுக்கு அந்த வருத்தம் புரியும். 'பொன்னியின் செல்வன்' படித்தவர்களின் கண்களோ பூங்குழலியின் படகைத் தேடும்.

1967 முதல் இது வனவிலங்கு சரணாலயம். முறுக்கிய கொம்போடு வெளிமான்கள் துள்ளும். ஆள் வளர்க்காத குதிரைகள் மேயும். குளிர்காலத்தில் பூநாரைகள் வந்து இறங்கும். ராமர் பாதம் என்னும் மணல்மேடுதான் இங்கே உயரமான இடம். மேடு என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம், குழந்தைகள்கூட ஓடியே ஏறிவிடுவார்கள். அங்கிருந்து காடு முழுக்கத் தெரியும்.

அந்தக் காட்டில் முறிந்த மரங்களும் உண்டு. 2018 நவம்பர் 16 அதிகாலை கரை கடந்த கஜா புயல் பாலை மரங்களை ஆயிரக்கணக்கில் வீழ்த்தியது. மான்களும் குதிரைகளும் மடிந்தன. அன்று ஊர்க்காரர்கள் இழந்த படகுகளும் கூரைகளும் கொஞ்சநஞ்சமல்ல. இன்றும் ஐப்பசி, கார்த்திகையில் காற்று வலுத்தால் வலை காயப் போட்டவர்கள் முதலில் வானத்தைத்தான் பார்க்கிறார்கள்.

பெட்ரோலும் சாப்பாடும் வேதாரண்யத்திலேயே முடித்துக்கொள்வது நல்லது. காட்டுக்குள் அனுமதி உண்டா என்று வனத்துறையிடம் முன்பே கேட்டுவிடுங்கள். குதிரைகளுக்கு பிஸ்கட் நீட்ட வேண்டாம். கோடையில் போனால் வழியில் பாலைப்பழம் விற்பார்கள். பால் உதட்டில் ஒட்டும், ஆனாலும் இனிக்கும்.