முதல் இஞ்ச் இல்லாத டேப்

ஞாயிற்றுக்கிழமை காலை. குகைக்கோவிலுக்குப் பக்கத்து வரப்பில் மாட்டைக் கட்டிக்கொண்டிருந்தேன். ஒரு கார் வந்து நின்றது. கண்ணாடியை இறக்கி ஒரு அம்மா கேட்டார்: “ஏனுங்க, மகேந்திரவர்மன் கோயிலு இதுதானுங்களா?”

அந்த ‘ஏனுங்க’ காதில் விழுந்ததும் கயிற்றில் முடிச்சுப் போட மறந்து நின்றுவிட்டேன். செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் இருக்கிற எங்கள் மண்டகப்பட்டில் இந்தப் பேச்சு எப்போதாவதுதான் கேட்கக் கிடைக்கும். கோயம்புத்தூர்க் குடும்பம். செஞ்சிக்கோட்டை பார்க்கப் போகிறவர்கள், வழியில் இறங்கியிருக்கிறார்கள். மாட்டை விட்டுவிட்டு அவர்கள் கூடவே போனேன். இரண்டு பக்கமும் கதாயுதத்தோடு நிற்கும் வாயிற்காவலர்களைக் காட்டினேன். செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல் பிரமனுக்கும் ஈசனுக்கும் விஷ்ணுவுக்கும் விசித்திரசித்தன் எடுத்த கோவில் என்று சொல்லும் கல்வெட்டைக் காட்டினேன். விசித்திரசித்தன் என்பது மகேந்திரவர்மனின் பட்டப்பெயர். 1,400 வருஷத்துப் பாறை. உள்ளே மூன்று சாமிக்கு மூன்று அறை, மூன்றும் காலி.

எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். சொல்ல வேண்டும் என்றல்ல. நான் சொன்னால் அவர்கள் பதில் பேசுவார்களே, அதற்காக. “அப்படீங்களா”, “சரீங்க”, “பாத்துப் போங்க கண்ணு” என்று அந்த அம்மா தன் பேரனிடம் பேசியதுகூட எனக்கு வேண்டியிருந்தது. கார் போன பிறகும் கொஞ்ச நேரம் பாறை நிழலிலேயே உட்கார்ந்திருந்தேன்.

கோயம்புத்தூரில் நான் இருந்தது நாலு வருஷம்கூட முழுசாக இல்லை. 1994-இல் போனேன், பதினேழு வயசு. அந்த வருஷம் கடலை காய்ப்பில்லை; பவுண்டரியில் வேலை பார்த்த மாமா ஒருவர் என்னைக் கூட்டிக்கொண்டு போய்ப் பெரிய கடைவீதியை ஒட்டிய ஒரு சந்தில், தையல் கடையில் காஜா பையனாகச் சேர்த்துவிட்டார். இரண்டு உஷா மிஷின், ஒரு கட்டிங் மேஜை, கரி போடுகிற இஸ்திரிப் பெட்டி. அவ்வளவுதான் கடை. கடைக்காரர் கோட்டைமேட்டுக்காரர், முஸ்லிம். ஊரே அவரை மாஸ்டர் என்றது. நானும் அப்படித்தான் கூப்பிட்டேன்.

முதல் நாள் அவர் என் ஊரைக் கேட்டார். மண்டகப்பட்டு என்றேன், புரியவில்லை. செஞ்சிக்குப் பக்கம் என்றேன். “ஓ, செஞ்சிங்களா” என்றார். அன்றிலிருந்து நான் செஞ்சி. “ஏனுங் செஞ்சி, எம்மிங் முடிஞ்சுதுங்களா?” “செஞ்சி, டீ வந்துருச்சு பாருங்க.” பதினேழு வயசுப் பையனை, அதுவும் காஜா எடுக்கிறவனை, வாங்க போங்க என்று மரியாதையாகக் கூப்பிட்ட முதல் மனுஷன் அவர்தான். எங்கள் பக்கத்தில் ‘இன்னாடா’ என்றுதான் பாசமே ஆரம்பிக்கும். முதல் மாதம் முழுக்க அவர் என்னைக் கூப்பிடும்போதெல்லாம் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்ப்பேன்.

என் சொந்தப் பெயர் அந்தச் சந்தில் யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள யாருக்கும் அவசியம் இருக்கவில்லை. இதை நான் எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். ஒருவனின் பெயரைக் கேட்காமலேயே அவனோடு நாலு வருஷம் டீ குடிக்க முடிந்த காலம் ஒன்று இருந்தது. நான் ஏங்குவது அந்தக் காலத்துக்குத்தான்.

மாஸ்டரின் டேப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். மஞ்சள் நிற டேப், அவர் தொழில் கற்ற நாளிலிருந்து கூடவே இருந்தது. முனையில் இருந்த பித்தளைத் தகடு எப்போதோ விழுந்துவிட்டது. அதோடு முதல் இஞ்சும் நைந்து போய்விட்டது. புது டேப் வாங்கலாம்தான். வாங்க மாட்டார். ஒன்றாம் நம்பர் கோட்டிலிருந்து பிடித்து அளந்து, வருகிற கணக்கில் ஒன்றைக் கழித்துச் சொல்வார். அளவு நோட்டில் எழுதுவது நான். “முப்பத்தஞ்சு... முப்பத்தி நாலுன்னு போட்டுக்கங்க.” பட்டன் வைக்கும் இடத்தில் சாக்பீஸால் புள்ளி வைப்பதுகூட அந்தக் கழித்தலோடுதான். ஒரு துணியும் கெட்டதில்லை.

நோன்பு மாசத்தில் சாயங்காலம் பள்ளிவாசலிலிருந்து தூக்குவாளியில் கஞ்சி வரும். முதல் டம்ளர் எனக்கு. “நோன்பு வெச்சவங்களுக்கு அப்புறம் குடுங்க மாஸ்டர்” என்றால் கேட்கமாட்டார். ஒருநாள் கஞ்சி குடித்துக்கொண்டே எங்கள் ஊர்க் குகைக்கோவிலைப் பற்றிச் சொன்னேன். செங்கல் இல்லை, மரம் இல்லை, உள்ளே சிலையும் இல்லை என்றேன். மிஷினை நிறுத்திவிட்டுத் திரும்பினார். “செலையில்லீன்னா எங்க பள்ளிவாசலாட்ட இருக்குமுங்களே! ஒரு நாளைக்குக் கூட்டிட்டுப் போங்க செஞ்சி.” சரி என்று சொன்னேன்.

1997 நவம்பர் 29, சனிக்கிழமை. உக்கடத்தில் போக்குவரத்துக் காவலர் செல்வராஜைக் கத்தியால் குத்திக் கொன்றார்கள். அடுத்த இரண்டு நாள் ஊர் ஊராக இல்லை. கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் செத்தார்கள். கடைகள் எரிந்தன. எங்கள் சந்துக்குத் தீ வரவில்லை. ஆனால் அதற்குப் பின்னால் நடந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். நாலைந்து வருஷமாக மாஸ்டரிடம் மட்டுமே தைத்துக்கொண்ட ஒரு அக்கா வந்து, வெட்டாமல் இருந்த ரவிக்கைத் துணியைத் திருப்பிக் கேட்டார். “ஊருக்குப் போறேனுங்க மாஸ்டர், வந்து குடுக்கறேன்” என்றார். முகத்தைப் பார்க்கவில்லை. மாஸ்டர் துணியை நாலாக மடித்து, தாளில் சுற்றி, “நல்லா போயிட்டு வாங்க” என்று கொடுத்தார். அந்த வாரம் ஆறேழு பேர் அப்படி வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். அந்த வருஷம் பொங்கலும் நோன்பும் ஒரே மாசத்தில் வந்தன. இரண்டுக்கும் சேர்த்து ராத்தூக்கம் இல்லாமல் தைத்திருக்க வேண்டியது. ராத்திரி ஏழு மணிக்கே கடையை அடைத்தோம்.

டீக்கடையில் புதிதாக ஒரு கேள்வி முளைத்திருந்தது: “தம்பி பேரென்னங்க?” குரலில் அதே மரியாதைதான். ஆனால் பதில் சொல்லும்வரை கேட்டவரின் கை டம்ளரை விட்டு அசையாது. நான் பெயரைச் சொன்னதும் முகம் இளகும். அந்த இளக்கம் எனக்கு அவமானமாக இருந்தது.

பதினோரு வாரம் கழித்து இன்னொரு சனிக்கிழமை, 1998 பிப்ரவரி 14. சம்பள நாள். தேர்தல் நேரம், அத்வானி ஆர்.எஸ்.புரத்தில் பேச வருகிறார் என்று மைக் கட்டிய ஆட்டோக்கள் போய்க்கொண்டிருந்தன. மூணே முக்கால் இருக்கும். மாஸ்டர் தன் கழுத்திலிருந்த டேப்பை எடுத்து என்னிடம் கொடுத்தார். “லைனிங் துணி வேணும் செஞ்சி. அகலம் பாத்து வாங்குங்க, போன தடவ ஏமாத்திட்டான்.” டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

முதல் சத்தம் தூரத்தில் கேட்டது. லாரி டயர் என்றார்கள். துணிக்கடையில் அகலத்தை அளந்துகொண்டிருந்தபோது இரண்டாவது. மூன்றாவது கேட்டபோது கடைச் சுவரில் மாட்டியிருந்த காலண்டர் ஆடியது. அப்புறம் ஒரு சத்தம் வந்ததே, அதைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை. வெடிச் சத்தம் இல்லை அது. தெரு முழுக்க, ஒரு கடை விடாமல், ஷட்டர்கள் தடதடவென்று இறங்கிய சத்தம். என்னை வெளியே தள்ளி அந்தக் கடையும் ஷட்டரை இழுத்தது. தெருவில் செருப்புகள் கிடந்தன. ஒரு தள்ளுவண்டி கவிழ்ந்து ஆரஞ்சுப் பழங்கள் சாக்கடை வரைக்கும் உருண்டிருந்தன. எல்லாரும் ஓடிய பக்கம் நானும் ஓடினேன். அது எங்கள் சந்து இருந்த பக்கம் இல்லை.

11 இடங்களில் 12 குண்டுகள். 58 பேர் செத்தார்கள், இருநூறுக்கும் மேற்பட்டவர்களுக்குக் காயம். அரசு மருத்துவமனையைக்கூட விடவில்லை. கடைக்கு வந்தவர்கள், ரயிலுக்கு வந்தவர்கள், நோயாளியைப் பார்க்க வந்தவர்கள். யாருடைய பெயரையும் கேட்டுவிட்டு வெடிக்கவில்லை அந்தக் குண்டுகள். வைத்தவர்களை நான் இன்றும் மன்னிக்கவில்லை. 18 உயிர்களுக்குப் பதில் என்று அதற்கு யாராவது நியாயம் சொன்னால் எழுந்து போய்விடுவேன். மாஸ்டரும் போயிருப்பார், எனக்குத் தெரியும்.

ஊரடங்கு. செல்வபுரத்து ரூமில் ஆறு பேர் ஒரு படி அரிசியைப் பங்கு போட்டுக் கஞ்சி வைத்துக் குடித்தோம். ஆர்.எஸ்.புரத்தில் வெடிக்காத ஒரு காரைச் சுற்றி ராணுவம் நிற்கிறது, செயலிழக்க வைக்க நாள் கணக்கில் ஆகிறது என்று ரேடியோ கேட்டுச் சொன்னார்கள். கழுத்தில் டேப் இருப்பதை இரண்டாம் நாள்தான் கவனித்தேன். கெடுபிடி தளர்ந்ததும் சந்துக்கு ஓடினேன். ஷட்டரில் பூட்டு. கோட்டைமேட்டுப் பக்கம் போக வழியில்லை, எங்கும் போலீஸ். நாலு நாள் போய்ப் போய்ப் பார்த்தேன். அதற்குள் அப்பா வந்துவிட்டார். ஒரே பிள்ளை, அம்மா சாப்பிடுவதில்லை என்றார். சேலம் பஸ்ஸில் ஏற்றினார். கடை முகவரிக்கு இரண்டு கடிதம் போட்டேன். இரண்டும் திரும்பி வந்தன.

2007-இல் குண்டுவெடிப்பு வழக்கில் தீர்ப்பு வந்தது. 158 பேர் குற்றவாளிகள் என்று டி.வி.யில் சொன்னார்கள். அடுத்த மாதமே கிளம்பிப் போனேன். தீர்ப்புக்கும் நான் போனதற்கும் சம்பந்தம் உண்டா என்றால் சொல்லத் தெரியவில்லை. சந்தில் எங்கள் கடை செல்போன் உறை விற்கும் கடையாகியிருந்தது. கடையில் இருந்த பையனுக்கு, முன்னால் இருந்தவர் யாரென்று தெரியவில்லை. கோட்டைமேட்டு முனைவரைக்கும் நடந்தேன். ஒரு பெரியவர் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். மாஸ்டரின் பெயரைச் சொல்லிக் கேட்க வாயெடுத்தேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்த பார்வையில் வாய் அடைத்துவிட்டது. வெளியூர்க்காரன், கையில் பை, ஒரு முஸ்லிமின் பெயரைச் சொல்லி வீடு எங்கே என்று விசாரிக்கிறான். ஒன்பது வருஷமாக அந்தத் தெருவுக்குள் அப்படி யார் வந்திருப்பார்கள், எதற்கு வந்திருப்பார்கள்? என் கேள்வியால் மாஸ்டர் வீட்டில் ஒரு ராத்திரித் தூக்கம் கெடும் என்று தோன்றியது. “மணிக்கூண்டுக்கு எப்படிங்க போறது?” என்று கேட்டேன். கையைக் காட்டினார். திரும்பிவிட்டேன். கேட்டிருக்க வேண்டும் என்று ஊர் வந்து சேரும்வரை அழுதேன்.

இப்போது மண்டகப்பட்டில் என் வீட்டுத் திண்ணைதான் கடை. செஞ்சி பஜாருக்கு நூல் வாங்கப் போனால் கடை அடைக்கும் நேரத்துக்கு முன்பே கிளம்பிவிடுவேன். வரிசையாக ஷட்டர் இறங்கினால் வயிறு இறுகிக்கொள்கிறது. 2022 தீபாவளிக்கு முதல் நாள், துணி மலைபோல் குவிந்து கிடந்தபோது, கோட்டை ஈஸ்வரன் கோவில் முன்னால் கார் வெடித்தது, ஓட்டி வந்தவர் இறந்தார் என்று டி.வி.யில் காட்டினார்கள். உக்கடம் என்ற எழுத்தைப் பார்த்ததும் கத்திரியைக் கீழே வைத்துவிட்டேன். எத்தனை மாஸ்டர்களிடம் நாளைக்குத் துணியைத் திருப்பிக் கேட்பார்களோ என்றுதான் நினைத்தேன். ஆனால் அதே ஊரில், கோனியம்மன் தேர் வரும்போது ஒப்பணக்கார வீதிப் பள்ளிவாசல்காரர்கள் பக்தர்களுக்குத் தண்ணீர் பாட்டில் கொடுக்கிற படத்தையும் பேப்பரில் பார்த்தேன். கொடுக்கிறவர்களின் முகத்தை ஒவ்வொன்றாகத் தேடினேன்.

மாஸ்டரின் டேப் மிஷினுக்கு மேலே ஆணியில் தொங்குகிறது. அதில் அளப்பதில்லை, எண்கள் அழிந்துவிட்டன. நான் அளப்பது புது டேப்பில்.

போன ஜூனில் பள்ளிச் சீருடைக்கு ஒரு பையன் வந்தான். ஐந்தாம் வகுப்பு, துருதுருவென்றிருந்தான். மார்பளவு எடுத்து நோட்டில் எழுதினேன். அவன் எட்டிப் பார்த்தான்.

“மாமா, டேப்புல இருபத்தெட்டு இருக்குது. நீ இருபத்தேழுன்னு எழுதுற?”

“ஒண்ணுலேருந்து புடிச்சேன்டா. ஒண்ணு கழிக்கணும்.”

“ஏன் ஒண்ணுலேருந்து புடிக்கிற?”

“எங்க மாஸ்டர் டேப்புக்கு முத இஞ்ச் கெடையாது.”

அவன் ஆணியில் தொங்குவதை நிமிர்ந்து பார்த்தான். “அது அவரோடதா? வந்து கேக்க மாட்டாரா?”

“திரும்பி நில்லுடா” என்றேன். “தோள் அளக்கணும்.”