மலைக்கு வழி கண்டோம், கடைத்தெருவுக்கு?

திருத்தணி முருகனைக் காண 365 படிகள். ஏற முடியாதவர்களுக்காக மலைமேல் வரை வாகனப் பாதை உண்டு. படி ஏறாததால் அவர்கள் பக்தி குறைந்ததாக யாரும் சொல்வதில்லை. உடலுக்கு ஏற்றபடி வழியை மாற்றலாம் என்பதை மலையில் ஒப்புக்கொண்ட நாம், அடிவாரத்துத் தெருக்களில் முதியவர்கள் நடக்கும்போது அதை மறந்துவிடுகிறோம். 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் பத்தில் ஒருவர் அறுபதைக் கடந்தவர். உலக சுகாதார நிறுவனம் 2007இல் முதியோருக்கு இணக்கமான நகரங்களுக்கான வழிகாட்டியை வெளியிட்டது. தில்லி, உதய்ப்பூர் உட்பட 33 நகரங்களில் முதியவர்களையே கேட்டு எழுதியது அது. அவர்கள் கேட்டவை பெரிய கட்டடங்கள் அல்ல: இடறாத நடைபாதை, உட்கார ஓர் இருக்கை, சுத்தமான கழிப்பறை, அவசரப்படுத்தாத பேருந்து.

நகராட்சியிடம் பணம் இல்லை என்பார்கள். சாலையும் கால்வாயும் எப்படியும் போடத்தான் போகிறோம். போடும்போதே கால்வாய் மூடியைச் சமமாக வைப்பதற்குத் தனி நிதி வேண்டாம், கவனம்தான் வேண்டும். பிள்ளைகள் கூட வரட்டும் என்பது இன்னொரு வாதம். பிள்ளைகள் சென்னையிலோ பெங்களூரிலோ வேலையில் இருக்கும் வீடுகள் எத்தனை! துணை இருந்தாலும், மருந்துக்கடைக்குத் தனியே போய்வருவது ஒருவரின் சுயமரியாதை. ஆடிக்கிருத்திகைக்கு லட்சக்கணக்கில் வரும் கூட்டத்துக்காகப் பந்தலும் தண்ணீரும் ஏற்பாடு செய்யத் தெரிந்த ஊர் இது. வார்டு உறுப்பினர்களே, அடுத்த சாலைப் பணிக்கு முன் அந்தத் தெருவின் முதியவர்களோடு ஒருமுறை நடந்து பாருங்கள்.