எத்தனை பீஸ் அடிச்சுப் பாத்தீங்க?

தகுதி, திறமை என்று மேடையிலும் டீக்கடையிலும் பேசுகிறவர்களை ஒரு நாள் நான் வேலை செய்கிற சோதனைக்கூடத்துக்குள் கூட்டி வந்து நிறுத்தவேண்டும். பத்தொன்பது வருசமாக அங்கே பிளாஸ்டிக்கை அடித்து உடைத்துக்கொண்டிருக்கிறேன். எங்கப்பா சாவுக்குப் பறையடிச்சார், நான் சம்பளத்துக்குப் பிளாஸ்டிக்கை அடிக்கிறேன் என்று சேரியில் சிரிப்பாகச் சொல்வேன்.

யந்திரம் ஒன்றும் பெரிசு இல்லை. ஒரு இரும்புச் சட்டம், அதில் ஊசல் மாதிரி ஆடுகிற ஒரு சுத்தியல். ஐசாட் என்கிற இங்கிலாந்து எஞ்சினியர் 1903-இல் உலோகத்துக்காகச் சொன்ன முறை, பின்னால் பிளாஸ்டிக்குக்கும் வந்தது. சோதனைத் துண்டு விரல் நீளம்தான், 63.5 மில்லிமீட்டர். அகலம் 12.7. கீழ்ப்பாதியை இடுக்கியில் நிமிர்த்தி இறுக்கிவிட்டு, 610 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து சுத்தியலை விடுவோம். ஒரே அடி. துண்டை உடைத்துக்கொண்டு சுத்தியல் அந்தப் பக்கம் எவ்வளவு ஏறுகிறது என்பதை வைத்து, உடைக்க எவ்வளவு சக்தி பிடித்தது என்று முள் காட்டும். சாதா பாலிஸ்டைரீன் மீட்டருக்கு 20 ஜூல் அளவிலேயே போய்விடும். பாலிகார்பனேட் 600-ஐத் தாண்டியும் தாங்கும்.

இதோடு நிறுத்தினால் தகுதிக்காரர்களுக்குச் சந்தோசமாக இருக்கும். அடி, எண், ஆச்சு. ஆனால் அடிக்கிறது ஒரு நொடி வேலை. அதற்கு முன்னால் நடக்கிறதுதான் வேலை.

துண்டு வந்ததும் அடிக்கக்கூடாது. 23 டிகிரி வெப்பம், 50 சதவீத ஈரப்பதம் உள்ள அறையில் குறைந்தது 40 மணி நேரம் கிடக்கவிடவேண்டும். ஏஎஸ்டிஎம் விதி அது. ஏன்? நைலானை எடுத்துக்கொள்ளுங்கள். அச்சிலிருந்து காய்ந்தபடியே எடுத்து அடித்தால் சட்டென்று முறியும். காற்றிலிருந்து தண்ணியை உறிஞ்சிக்கொண்ட அதே நைலான் அடியை வாங்கிக்கொண்டு நிற்கும். பொருள் ஒன்றுதான். ஒன்றுக்குத் தண்ணி கிடைத்தது, இன்னொன்றுக்குக் கிடைக்கவில்லை. எல்லாத் துண்டுக்கும் ஒரே காற்றையும் ஒரே ஈரத்தையும் கொடுக்காமல் எடுத்த எண்ணுக்கு எங்கள் கூடத்தில் மதிப்பே கிடையாது.

தண்ணி என்றதும் எங்கம்மாவின் குடம் ஞாபகம் வருகிறது. ஊர்த்தெருக் குழாயில் எல்லாரும் பிடித்து முடிக்கிறவரைக்கும் எங்க தெருப் பொம்பளைகளின் பிளாஸ்டிக் குடங்கள் வெயிலில் வரிசையாகக் காத்துக் கிடக்கும். ஒரு நாள் ஒருத்தன் எட்டி உதைத்தான். பக்கத்து வீட்டு அக்காவின் புதுக் குடம் நசுங்கி உருண்டது. அம்மாவுடையது பழசு, பொளந்துபோச்சு. "மட்டமான குடத்த வாங்கிட்டு வந்து ஏன்டி அழுவுற" என்றான் உதைத்தவன். படித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது, வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டுப்பட்டு பிளாஸ்டிக்கின் நீண்ட மூலக்கூறுகள் உள்ளுக்குள்ளேயே அறுந்துபோகும் என்று. குடத்தின் தரத்தைக் குறை சொல்லும் முன்னால், அதை அத்தனை வருசம் வெயிலில் காக்கவைத்தது யார் என்று கேட்கவேண்டாமா? இன்றைக்கு எங்கள் கூடத்தில் அதற்கும் ஒரு பெட்டி இருக்கிறது. துண்டுகளை வாரக்கணக்கில் புற ஊதா விளக்கின் கீழே வைத்துவிட்டு, பிறகு அடித்துப் பார்ப்போம். எவ்வளவு பலம் போனது என்பதைத் தனியாகவே எழுதுவோம்.

அடுத்தது நாட்ச். துண்டின் ஓரத்தில் 'வி' மாதிரி ஒரு வெட்டு. ஆழம் 2.54 மில்லிமீட்டர், கோணம் 45 டிகிரி, முனையின் வளைவு 0.25. அடி விழும்போது சக்தி முழுக்க அந்த முனையில்தான் குவியும். ஒவ்வொரு துண்டிலும் கண்ணுக்குத் தெரியாத கீறல் எங்கேயாவது இருக்கத்தான் செய்யும், ஒன்றில் கூட, ஒன்றில் குறைய. அதனால் எல்லாவற்றுக்கும் ஒரே காயத்தைப் போட்டுத்தான் அடிக்கிறோம். முனை இன்னும் கொஞ்சம் கூர்மையாகிவிட்டால் அந்தப் பலசாலி பாலிகார்பனேட்டே பொசுக்கென்று முறிந்துவிடும்.

ஒரு துண்டை அடித்து முடிவு சொல்லவும் முடியாது. குறைந்தது ஐந்து, பத்து இருந்தால் நல்லது. உடைந்தது என்று மொட்டையாக எழுதவும் கூடாது. முழுசாக உடைந்ததா, தோல் மாதிரி ஒட்டிக்கொண்டு தொங்குகிறதா, பாதி விரிசலா, உடையவே இல்லையா, நாலையும் தனித்தனியாகக் குறிக்கவேண்டும். ஒன்றையும் இன்னொன்றையும் கூட்டிச் சராசரி போட்டால் அறிக்கை செல்லாது.

இதையெல்லாம் எழுத்துப் பிசகாமல் செய்கிற ஆட்கள்தான் மத்தியானம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பேசுகிறார்கள். போன வருசம் விழுப்புரம் பக்கத்திலிருந்து ஒரு பொண்ணு பயிற்சிக்கு வந்தது. தமிழ் மீடியம், டிப்ளமோ. எங்க ஆளு. முதல் வாரத்திலேயே நாட்ச் வெட்டுகிற கட்டர் ஒன்று அதன் கையில் உடைந்துவிட்டது.

"கோட்டாவுல எடுத்தா இதுதான். இவங்களுக்கெல்லாம் மெஷின் வராது" என்றார் சீனியர் ஒருத்தர்.

"எத்தனை பீஸ் அடிச்சுப் பாத்தீங்க சார்?" என்றேன்.

அவருக்கு விளங்கவில்லை. "நான் உன்னைச் சொல்லலய்யா, நீ வேற" என்றார்.

இந்த 'நீ வேற'யை நம்மில் கேட்காதவர் யார்? எங்கள் அறிக்கைகளின் அடியில் ஒரு வரி அச்சடித்திருக்கும்: இம்முடிவு பெறப்பட்ட மாதிரிக்கு மட்டுமே பொருந்தும். நம்மில் ஒருத்தன் நின்றுவிட்டால் அந்த வரியைப் போட்டுவிடுகிறார்கள். ஒருத்தி கையில் கட்டர் உடைந்தால் அந்த வரியை அடித்துவிட்டு மொத்தச் சேரிக்கும் அறிக்கை எழுதுகிறார்கள். (2019-இல் 103-ஆவது திருத்தம் வந்து முன்னேறிய சாதிகளுக்குப் பத்து சதவீதம் என்றானபோது, இதே மேசையில் தகுதிப் பேச்சு கொஞ்ச நாள் லீவில் போயிருந்தது. அது தனிக் கதை.)

கட்டர் உடைந்த பிறகு அந்தப் பொண்ணை யாரும் யந்திரத்தைத் தொடவிடவில்லை. துண்டு பொறுக்கவும், மேசை துடைக்கவும், டீ சொல்லிவிட்டு வரவும் விட்டிருந்தார்கள். மூன்றாம் மாதம் அதன் தகுதி பற்றி என்னிடம் அறிக்கை கேட்டார்கள். 'கண்டிஷனிங் செய்யப்படவில்லை. சோதனைக்கு ஏற்ற நிலையில் வைக்கப்படவில்லை. முடிவு தர இயலாது' என்று எழுதி அனுப்பினேன். என்ன விளையாட்டு இது என்று திருப்பி அனுப்பினார்கள். ஒரு எழுத்து மாற்றாமல் மறுபடியும் அனுப்பினேன். மேலே யார் என்ன பேசினார்களோ, பயிற்சியை மூன்று மாதம் நீட்டித்து, நாட்ச் யந்திரத்தை அதன் பொறுப்பில் விடச்சொல்லி உத்தரவு வந்தது.

முதல் நாள் அது வெட்டிய துண்டுகளை மைக்ரோமீட்டரில் வைத்து அளந்தேன். வெட்டுக்குக் கீழே 10.16 இருக்கவேண்டும். "எத்தனைண்ணே வெட்டணும்?" என்று கேட்டது.

"பத்து வெட்டும்மா" என்றேன்.