செம்பனைக்கு நடுவே காளையும் குதிரையும்

மலாயில் திராம் என்றால் சிப்பி. உலு என்றால் ஆற்றின் தலைப்பகுதி. திராம் ஆறு தொடங்கும் இடம் என்பதால் உலு திராம் என்று பெயர் வந்திருக்கிறது. இப்போது ஊருக்குள் சிப்பியைத் தேடினால் சீனர் கடைத் தட்டில்தான் கிடைக்கும். கண்ணில் படுவதெல்லாம் கடைவீடுகள், தாமான்கள், லோரிகள், அவற்றுக்குப் பின்னால் செம்பனை.

ஜொகூர்பாருவிலிருந்து கோத்தா திங்கி போகும் 3ஆம் எண் கூட்டரசு சாலை இந்த ஊரைத் தொட்டுக்கொண்டு போகிறது. செனாய் - தெசாரு நெடுஞ்சாலை 2011-ல் முழுதாகத் திறந்த பிறகு கடற்கரைக்குப் போகிறவர்களில் பலர் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்கள். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் இந்தப் பழைய சாலைக்கு ஒரு தனிக்களை உண்டு. சிங்கப்பூரிலிருந்து விலையுயர்ந்த கார்கள் கூட்டமாக வரும். கோத்தா திங்கி, மெர்சிங் என்று நீட்டி ஓட்டிவிட்டு மாலையில் பாலம் தாண்டிவிடுவார்கள். சாலையோர மாமாக் கடையில் ரொட்டி சானாயும் தே தாரேக்கும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால் வேடிக்கைக்குக் காசே வேண்டாம்.

போன மாதம் அப்படி உட்கார்ந்து எண்ணினேன். சமிக்ஞை விளக்கில் 11 கார்கள் நின்றன. தரையோடு தரையாகக் கிடக்கும் இரண்டு இருக்கைக் கார்கள் அவற்றில் 3 மட்டுமே. மற்றவை எல்லாம் உயரமான எஸ்.யு.வி.களும் நான்கு கதவுச் சலூன்களும். முத்திரைகள் என்னவோ அதே காளை, அதே குதிரைதான். ஒரு லம்போர்கினி உருஸின் பின் இருக்கையில் குழந்தை இருக்கையைக் கட்டி வைத்திருந்தார்கள். பக்கத்து மேசைப் பையன் கேட்டான்: “அண்ணே, லம்போர்கினின்னா பறக்கிற காடிதானே, இது என்ன பாஸார் போற காடி மாதிரி இருக்கு?”

நியாயமான கேள்வி. இதைத் தொடங்கி வைத்தது லம்போர்கினிதான் என்றுகூடச் சொல்லலாம். 1986-லேயே எல்.எம்.002 என்ற முரட்டு வண்டியை அது விற்றது. ஆனால் காசு பார்த்துக் காட்டியது போர்ஷே. 1990களின் தொடக்கத்தில் தள்ளாடிக்கொண்டிருந்த நிறுவனம் அது. பாக்ஸ்டர் கார் அதை நிமிர்த்தியது. 2002-ல் வந்த கயென் கல்லாவை நிரப்பியது. ஃபோக்ஸ்வாகன் டுவாரெக்குடன் அடித்தளத்தைப் பகிர்ந்துகொண்ட அந்த எஸ்.யு.வி.யைப் பார்த்துப் பழைய ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். 2009-ல் பனமேரா சலூனும் வந்தது. 2023-ல் போர்ஷே விற்ற 3,20,221 கார்களில் கயெனும் மக்கானும் சேர்ந்து ஏறக்குறைய 1,75,000. பெயர்பெற்ற 911 சுமார் 50,000 மட்டுமே. லம்போர்கினி அதே ஆண்டு விற்ற 10,112 கார்களில் 6,087 உருஸ். பிடிவாதமாக இருந்த பெராரிகூட 2022-ல் புரோசாங்குவேயுடன் இறங்கி வந்தது.

இந்தக் கதையில் மலேசியர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. லோட்டஸ் என்றதும் இன்றைய பிள்ளைகளுக்கு டெஸ்கோ பெயர் மாறிய பேரங்காடிதான் நினைவுக்கு வரும். ஆனால் இங்கிலாந்தின் லோட்டஸ் கார் நிறுவனத்தை 1996-ல் வாங்கியது நம் புரோட்டோன். 2017 வரை அது நம் கையில் இருந்தது. சத்ரியா ஜிடிஐ வைத்திருந்தவர்கள் லோட்டஸ் பெயரைச் சொல்லிக் காட்டிக்கொண்ட பெருமை இருக்கிறதே, அப்பப்பா! எடையைக் குறைப்பதே அந்த நிறுவனத்தின் வேதம்; முதல் எலிஸ் காரின் எடை சுமார் 725 கிலோதான். பெரும்பங்கு சீனாவின் கீலிக்குப் போன பிறகு, 2022-ல் எலெட்ரே என்ற மின்சார எஸ்.யு.வி.யை அறிமுகப்படுத்தினார்கள். ஊஹானில் தயாராகும் அதன் எடை ஏறத்தாழ இரண்டரை டன். மூன்று எலிஸ்களைத் தராசில் ஏற்றினாலும் அதற்கு ஈடாகாது. எனக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. 2022 மார்ச்சில் கெடா மாநிலத்தின் கூலிமில் போர்ஷே கயெனைப் பொருத்தத் தொடங்கினார்கள். ஐரோப்பாவுக்கு வெளியே போர்ஷேயின் முதல் பொருத்துமிடம் அது. விலை 5,50,000 வெள்ளியில் தொடங்கியது. கூட்டாளி யார் தெரியுமா? சைம் டார்பி. 1910-ல் மலாக்காவில் ரப்பரோடு தொடங்கிய அதே பெயர். நம் தாத்தா பாட்டிகளில் எத்தனை பேருடைய சம்பளச் சீட்டில் அந்தப் பெயர் இருந்திருக்கும்! உலு திராம் தோட்டம் வேறொரு நிறுவனத்தின் கையில் இருக்கிறது. அந்த நிறுவனத்தின் பெயரும் கூலிம் என்பது தற்செயல்தான், ஆனாலும் எனக்கு அது பிடித்திருக்கிறது.

மாமாக் கடையிலிருந்து ஐந்து நிமிடத்தில் ஒரு பட்டறை. அதை நடத்தும் ஃபோர்மேன் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த தமிழர். இளைஞர்கள் இப்போது கொண்டு வருவதெல்லாம் பழைய கயென்கள் என்கிறார். புதிய மைவி விலைக்கே முதல் தலைமுறை கயென் கிடைக்கிறது. சாலை வரியும் ஆசை காட்டுகிறது: தீபகற்பத்தில் 3,000 சிசி சலூனுக்கு ஆண்டுக்கு 2,000 வெள்ளிக்கு மேல், அதே இயந்திரம் எஸ்.யு.வி.யில் இருந்தால் சுமார் 1,500.

அன்று அங்கே ஒரு தம்பி, வயது முப்பதுக்குள், அம்மாவோடு வந்திருந்தார். தினமும் விடியுமுன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர். கறுப்பு வி8 கயென் ஒன்றின் மேல் கண். இவ்வளவு பழைய காடிக்கு வங்கிக் கடன் எளிதில் கிடைக்காது. கையிருப்பைத்தான் எடுக்க வேண்டும். அந்தக் கையிருப்பு, வீட்டு முன்பணத்துக்காக அவர் நான்கு வருடமாகச் சேர்த்தது.

ஃபோர்மேன் எதையும் மறைக்கவில்லை. “தம்பி, இந்த இஞ்சின்ல கூலண்ட் தண்ணி போற பைப்பு பிளாஸ்டிக். சூட்டுல வெடிச்சிரும். அலுமினியம் மாத்தணும். ஷாஃப்ட் பேரிங் ஒரு நாள் சத்தம் போடும். ஏர் சஸ்பென்ஷன் பழசானா ராத்திரி நிமிர்ந்து நின்ன காடி காலையில குந்திக்கிட்டு இருக்கும். வாங்குற காசைப் பார்க்காதீங்க, அதுக்கப்புறம் வருஷத்துக்கு எவ்வளவுன்னு பாருங்க.”

அம்மா அதற்குள் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துவிட்டார். பால்மரம் வெட்டிய காலத்திலேயே தேய்ந்த முட்டி அவருக்கு. “வலிக்காம ஏற முடியுதுய்யா,” என்றார். கார் நிறுவனங்கள் ஏன் உயரமான வண்டிக்கு மாறின என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கத்தை நான் எங்கும் படித்ததில்லை. மகன் முகம் மலர்ந்தது. உடனே அவர் அடுத்ததையும் கேட்டார்: “வீட்டுக்காரங்களுக்கு என்னய்யா சொல்லப் போற?”

கறுப்புக் கயென் இன்னும் பட்டறையில்தான் நிற்கிறது. அலுமினியக் குழாய் வந்து சேர இரண்டு வாரம் ஆகுமாம். தாமான் டத்தோ செல்லத்தில் அவர்கள் பார்த்து வைத்திருக்கும் இணைவீட்டின் சொந்தக்காரர் மாதக் கடைசி வரைதான் காத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்.