கதவில் இருந்த பெயர்

2021 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் பழைய வண்டிகளுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்திருக்க வேண்டும். சேசிஸ், பாடி, இன்ஜின் எதிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. அப்படி இருந்தால் ‘விஏ’ என்ற எழுத்துகளோடு தனி எண் பலகை. பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும். நாட்டின் பாரம்பரியத்தைக் காக்க என்றார்கள். நல்லது. ஆனால் எந்தெந்த வண்டிகள் என்று பார்த்தால், இரு சக்கர வண்டிகளும், எம்1 எனப்படும் பயணிகள் கார் வகையும்தான். சரக்கு வண்டி அதில் வராது.

ஜமீன்தார் ஏறிப்போன கார் பாரம்பரியம். அவருடைய பருத்தி மூட்டைகள் ஏறிப்போன வண்டி காயலான் கடை இரும்பு.

இதை நான் படித்துக் காட்டியபோது என் தாய்மாமா சிரித்தார். “அப்ப நம்ம வண்டிக்கு அம்பது வருசம் ஆனாலும் ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லு கண்ணு” என்றார். அவருடைய வண்டி 1984 மாடல் பஜாஜ் டெம்போ மேட்டடோர், பின்பக்கம் திறந்த பிக்கப். இரண்டு வருடமாக அதைப் பிரித்துப் பிரித்து மாட்டிக்கொண்டிருக்கிறார்.

திருப்பூரில் நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு இந்த வண்டியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஒரு பனியன் கடையில் தொங்குவதற்குள் துணி எத்தனை இடம் மாறுகிறது! நிட்டிங்கிலிருந்து சாயப்பட்டறை, அங்கிருந்து காம்பாக்டிங், பிரிண்டிங், பவர்டேபிள், செக்கிங், கடைசியில் மிச்ச மீதி எல்லாம் காதர்பேட்டை. இந்த ஊரின் தொழிலே ஒரு வகையில் துணியைத் தூக்கிக்கொண்டு அலைவதுதான். 2005இல் வந்த குட்டியானைக்கு முன்னால் அந்த அலைச்சலில் பெரும்பங்கு டெம்போக்களுடையது. ஹாம்பர்க் நகரத்து நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து 1958இல் தொடங்கிய பஜாஜ் டெம்போ, 2005இல் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. நம் மக்கள் வாயில் ‘டெம்போ’ மட்டும் பொதுப்பெயராகவே தங்கிவிட்டது.

மேட்டடோரில் ஒரு விசேஷம் உண்டு. இன்ஜின் முன் சக்கரத்தைத்தான் ஓட்டும். பின்னால் ஓடும் நீள ஷாஃப்ட் கிடையாது. அதனால் தளத்தைத் தாழ்வாக வைக்க முடிந்தது. வண்டிப் பிரியர்கள் இதைத் தொழில்நுட்பமாகப் பேசுவார்கள். மாமா முதுகால் பேசுவார்: “லாரிக்கு பண்டல நெஞ்சு ஒசரத்துக்குத் தூக்கோணும். இதுக்கு தொடை ஒசரம் போதும். அந்த வித்தியாசம் ராத்திரி படுக்கும்போதுதான் தெரியும்.” ஆனால் பின்னால் பாரம் ஏறினால் ஏற்றத்தில் முன்சக்கரம் பிடிமானம் இல்லாமல் சுற்றும். அப்போது இறங்கித் தள்ளுவதும் லோடுமேன்தான்.

இன்று தொல்லை கொடுப்பதும் அதே முன்சக்கர அமைப்புதான். சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்டின் முனையில் இருக்கும் ஜாயின்டை ஒரு ரப்பர் உறை மூடியிருக்கும். அது கிழிந்தால் கிரீஸ் வெளியேறும், மண் உள்ளே போகும், ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தால் டக் டக்கென்று சத்தம். உற்பத்தி நின்று இருபது வருடத்துக்கு மேல் ஆன வண்டிக்குப் புது ஜாயின்ட் எங்கே போவது? சாம்பிளைச் சாக்கில் சுற்றிக்கொண்டு உக்கடத்துக்கும், ஒருமுறை சென்னைப் புதுப்பேட்டைக்கும் நானும் போயிருக்கிறேன். அங்கே பெயர் சொல்லிக் கேட்டால் வேலைக்காகாது. பழைய பாகத்தைக் கடைக்காரர் கையில் கொடுக்க வேண்டும். அவர் நகத்தால் துருவைச் சுரண்டி வார்ப்பு எண்ணைப் பார்ப்பார். ஷாஃப்டின் பல்லை எண்ணுவார். நீளத்தைப் பக்கத்தில் வைத்து அளப்பார். ஒரு பல் கூடினாலும் குறைந்தாலும் ஏறாது. எண்ணெயில் ஊறிய அந்தக் கைகளின் அறிவுக்கு எந்தப் பல்கலைக்கழகமும் பட்டம் தருவதில்லை. எனக்குச் சமூகவியலில் முதுகலை இருக்கிறது, பல் எண்ணத் தெரியாது.

எல்லாப் பாகத்துக்கும் பத்து ரூபாய்க்குக்கூடப் பேரம் பேசும் மாமா, உக்கடத்தில் ஒரு பொருளுக்கு மட்டும் கேட்ட விலையைக் கொடுத்தார். கேபினின் முன் சீட். கிழிந்த ரெக்சின், ஸ்பிரிங் நன்றாக இருந்தது. திரும்பி வரும்போது சொன்னார்: இதே வண்டியில் 1986 முதல் நான்கு வருடம் அவர் லோடுமேன். கேபினில் மூன்று பேர் உட்காரலாம். ஆனால் அவர் இடம் பின்னால் பண்டல் மேல்தான், மழையென்றாலும். டிரைவர் ஆன பிறகுதான் சீட் கிடைத்தது. அப்போதும் முதலாளி வீட்டார் ஏறினால் சீட்டின் மேல் ஒரு துண்டு விரிப்பார்களாம்.

திருப்பூரைப் பற்றி ஷரத் சாரி 2004இல் ஒரு முக்கியமான நூல் எழுதினார், ‘ஃப்ரெட்டர்னல் கேப்பிட்டல்’. எளிய விவசாய, தொழிலாளிப் பின்னணியிலிருந்து வந்த கவுண்டர்கள் உழைப்பையே மூலதனமாக்கி முதலாளிகள் ஆன கதையைத் திறமையாக ஆராய்ந்த நூல். வகுப்பில் அதைப் படித்தபோது எனக்குள் ஒரு கேள்வி ஓடிக்கொண்டே இருந்தது. கிணற்றிலிருந்து கவலை இறைக்கத் தோல் பை தைத்துக் கொடுத்தவர்கள் அருந்ததியர். அந்தத் தண்ணீரில் விளைந்த காட்டில் பண்ணையாளாக நின்றவர்களும் அவர்களே. ஒருவருடைய உழைப்பு ஏன் கம்பெனியாகிறது, இன்னொருவருடைய உழைப்பு ஏன் முதுகுவலியோடு நின்றுவிடுகிறது? மாமாவுக்கு இருபத்து மூன்று வருடத்துக்குக் கிடைத்த மூலதனம் இந்த வண்டி. அதுவும் சும்மா கிடைக்கவில்லை. கம்பெனி குட்டியானை வாங்கிய பிறகு இதை இரும்பு விலைக்குப் போட்டபோது, 2009இல் சீட்டுப் பணத்தை எடுத்து வாங்கினார்.

பெயின்டைச் சுரண்டிய அன்று பட்டறையில் நானும் இருந்தேன். மேலே பச்சை, அதற்குக் கீழே நீலம், அதற்கும் கீழே கதவில் மஞ்சள் எழுத்துகள் மெல்ல வந்தன. பழைய கம்பெனியின் பெயர், முதலாளியின் பெயர், கடைசியில் சாதிப் பட்டம். பெயின்டர் தம்பி உற்சாகமாகிவிட்டான். “மாமா, ஒரிஜினல் எழுத்து! அச்சு எடுத்து வெச்சுட்டு அப்படியே திரும்ப எழுதிரலாம்.” மாமா ஒன்றும் பேசவில்லை. எமரி தாளைக் கையில் எடுத்து, பட்டத்திலிருந்து தொடங்கி, இடப்பக்கமாகத் தேய்த்துக்கொண்டே போனார்.

போன மாதம் கோவையிலிருந்து ஒருவர் பார்க்க வந்தார். தன் உணவகத்தின் வாசலில் நிறுத்தப் பழைய வண்டி தேடுகிறாராம். நல்ல விலை சொன்னார், மரியாதையாகவும் பேசினார். ஒரே நிபந்தனை, வண்டி ‘ஒரிஜினலாக’ இருக்க வேண்டும். பக்கப் பலகை நெடுக மாமா வெல்டு வைத்த பதினான்கு கயிற்றுக் கொக்கிகளைக் காட்டி, இதெல்லாம் கம்பெனி வைத்தது இல்லையே, அறுத்துவிடலாமே என்றார். கதவில் ஏதாவது பழைய பெயர் இருந்தால் இன்னும் நன்றாக இருக்கும் என்றும் சொன்னார்.

“கொக்கி இல்லாம பண்டல் நிக்காதுங்க” என்றார் மாமா.

“இனி யாருங்க பண்டல் ஏத்தப் போறாங்க?”

“நானுங்க.”

வந்தவர் டீ குடித்துவிட்டுக் கிளம்பினார். மகளின் கல்யாணச் செலவுக்கு அந்தப் பணம் உதவியிருக்கும் என்று அத்தைக்கு இன்னும் கோபம். அதில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

கதவு இப்போது வெறும் நீலமாக இருக்கிறது. எஃப்சிக்குக் காட்ட இன்னும் மூன்று வேலை பாக்கி: பிரேக் சிலிண்டருக்கு ரப்பர் செட், முன் கண்ணாடிக்கு பீடிங், இடதுபக்கப் பின்விளக்கின் சிவப்புக் கண்ணாடி. முதல் இரண்டும் கிடைத்துவிடும். மூன்றாவது ஈரோடு வரை தேடியாகிவிட்டது. உங்கள் ஊர்ப் பட்டறையில் ஒரு மேட்டடோர் புல் முளைத்துக் கிடந்தால், உடைக்கப் போவதற்கு முன் ஒரு வார்த்தை சொல்லுங்கள். சாம்பிளோடு வந்துவிடுகிறோம்.