மார்கழிக் குளிரும் டிஸ்கஸ் மீனும் இரண்டு ஹீட்டரும்

பதிவு கொஞ்சம் நீளம். மீன் வளர்க்காதவர்கள் கணக்குக்காகவாவது படியுங்கள்.

போன வாரம் புதுப்பட்டினத்தில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர் காலை ஐந்தரை மணிக்குப் போன் செய்தார். அவர் தொட்டியில் ஏழு டிஸ்கஸ் மீன்கள். எட்டு வயது மகள் ஏழுக்கும் பெயர் வைத்திருந்தாள். "தண்ணியில கைய விட்டா குளிக்கிற வெந்நீர் மாதிரி இருக்கு சார். ஒண்ணுகூட மிஞ்சல" என்றார். 300 வாட் ஹீட்டர் இரவில் அணையாமலே ஓடியிருக்கிறது. பிறகு ஒரு கேள்வி கேட்டார். "இன்னொரு ஹீட்டர் கூட வச்சிருந்தா தப்பிச்சிருக்குமா சார்?"

தப்பித்திருக்காது. ஏன் என்று போனில் அரைகுறையாகச் சொன்னேன், இங்கே முழுதாக எழுதுகிறேன். அந்த வீட்டுக்குப் புது மீன் வருமுன் இது சரியாக வேண்டும்.

முதலில் ஒன்று. நம் செங்கல்பட்டுப் பக்கம் தங்கமீன், கப்பி வளர்ப்பவர்களுக்கு ஹீட்டரே தேவையில்லை. கடைக்காரர் கட்டாயம் என்பார், கேட்காதீர்கள். டிஸ்கஸ் வேறு ஜாதி. அமேசான் படுகையின் வெதுவெதுப்பான நீரில் பிறந்த மீன், 28 முதல் 30 டிகிரி கேட்கும். மார்கழி இரவில் நம் வீட்டு அறையே 24க்கு இறங்கிவிடும். நீர் குளிர்ந்தால் தீனி எடுக்காது, ஓரமாகக் கறுத்து நிற்கும், பின்னாலேயே வெள்ளைப் புள்ளி நோய் வரும். குஞ்சு பொரித்த ஜோடியாக இருந்தால் இன்னும் கவலை. டிஸ்கஸ் குஞ்சுகள் முதல் நாட்களில் தாய் தகப்பன் உடம்பில் ஊறும் கோழையைத்தான் கொத்தித் தின்னும். பெரியது வாடினால் சிறியதற்குச் சோறில்லை.

ஹீட்டர் இரண்டு விதமாகக் கெடும். அணைந்தே போவது ஒன்று. உள்ளே இரண்டு உலோகங்களை ஒட்டிய பட்டை வளைந்து நிமிர்ந்து மின்சாரத்தைத் தொட்டும் விட்டும் வேலை செய்கிறது. ஒவ்வொரு முறையும் சிறு பொறி பறக்கும். ஆயிரக்கணக்கான பொறிகளுக்குப் பிறகு ஒரு நாள் இரண்டு முனையும் உருகி ஒட்டிக்கொள்ளும். அப்புறம் அணையாது. இது இரண்டாவது விதம்.

இனி கணக்கு. என் தொட்டியில் 140 லிட்டர். நீரின் தன் வெப்ப ஏற்புத் திறன் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு டிகிரி ஏற்ற சுமார் 586 கிலோஜூல் வேண்டும். ஹீட்டரை அணைத்துவிட்டு ஓர் இரவு அளந்தேன். பத்து மணிக்கு 29, காலை ஆறு மணிக்கு 27. எட்டு மணி நேரத்தில் 2 டிகிரி போனால் இழப்பு ஏறக்குறைய 40 வாட். அறைக்கும் நீருக்கும் சராசரி வித்தியாசம் 4 டிகிரி. ஆக ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் 10 வாட் வெளியே போகிறது.

இந்தப் பத்து என்ற ஒரே எண் எல்லாவற்றையும் சொல்லிவிடும். 100 வாட் ஹீட்டர் ஒட்டிக்கொண்டு நிற்காமல் ஓடினாலும் நீரை அறையைவிட 10 டிகிரிதான் ஏற்ற முடியும். அறை 24 என்றால் 34. டிஸ்கஸுக்கு அது சுகமில்லை, ஆனால் ஏர் பம்ப் ஓடினால் ஒன்றிரண்டு நாள் தாக்குப்பிடிக்கும். அந்த 34ஐ நெருங்கவே ஒரு நாளுக்கு மேல் ஆகும். அதே தொட்டியில் 300 வாட் ஒட்டிக்கொண்டால்? இரவு பதினோரு மணிக்கு 29இல் தொடங்கி விடிவதற்குள் 36ஐத் தாண்டும். மேலும் ஏறிக்கொண்டே போகும். சூடு ஏற ஏற நீரில் கரைந்த ஆக்சிஜனும் குறையும். 25 டிகிரியில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் கரைவது 35இல் 7க்குக் கீழே வந்துவிடும். மீனுக்கோ சூட்டில் மூச்சு அதிகம் வேண்டும்.

அதனால் ஒரு பெரிய ஹீட்டர் வேண்டாம், இரண்டு சின்னது. என் தொட்டிக்கு இரண்டு 100 வாட். ஒன்று செத்தாலும் மற்றது தனியாகவே அறை 19 ஆகும் வரை 29ஐப் பிடித்து நிற்கும்.

ஆனால் இரண்டு ஹீட்டர் பக்க இணைப்பு. ஒன்று அணைந்தால் மற்றது காப்பாற்றும். ஒன்று ஒட்டிக்கொண்டால் மற்றது என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது. ஒட்டிக்கொள்ளக்கூடிய பொருள் ஒன்றுக்கு இரண்டாக ஆனதுதான் மிச்சம். ஒட்டிக்கொள்வதைத் தடுக்கத் தொடரிணைப்பு வேண்டும். அதாவது ஒரே மின்பாதையில் இரண்டு ஸ்விட்ச், எது விட்டாலும் அணைய வேண்டும். ஹீட்டருக்குள் இருக்கும் தெர்மோஸ்டாட் ஒரு ஸ்விட்ச். வெளியே சென்சாருடன் ஒரு டிஜிட்டல் கன்ட்ரோலர் இரண்டாவது ஸ்விட்ச். எஸ்டிசி 1000 என்று கடைகளில் கிடைக்கும் வகையே போதும். பின்பக்கம் திருகு முனைகள் திறந்திருக்கும், பெட்டிக்குள் பொருத்தாமல் விடாதீர்கள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வெட்கப்படவும் வேண்டாம்.

நான் ஒவ்வொரு ஹீட்டருக்கும் ஒரு கன்ட்ரோலர், ஒரு சென்சார் என்று தனித்தனியாக வைத்திருக்கிறேன். முதல் கன்ட்ரோலர் 29, இரண்டாவது 28. ஹீட்டர்களின் சொந்தத் திருகு இரண்டிலும் 31. வழக்கமாக முதலாவதுதான் ஓடும். அது செத்தால் நீர் 28க்கு இறங்கும்போது இரண்டாவது எழுந்துகொள்ளும். கன்ட்ரோலர் ரிலே ஒட்டிக்கொண்டால் 31 அருகே ஹீட்டரின் உள் தெர்மோஸ்டாட் வெட்டிவிடும். கன்ட்ரோலரே கருகிப் போனால் ரிலே திறந்த நிலையில் நிற்கும், ஹீட்டர் அணையும். குளிர்ச்சி மெதுவாக வரும் எதிரி, கெடுவதென்றால் அந்தப் பக்கம் கெடட்டும்.

நம் டவுன்ஷிப் பிள்ளைகளுக்கு இது புதிதாக இருக்காது. உங்களில் பாதிப் பேரின் அப்பா அம்மா இதைத்தானே வேலையாகச் செய்தார்கள்? கல்பாக்கத்தின் 500 மெகாவாட் ஈனுலையில் தொடர்வினையை நிறுத்த இரண்டு தனி அமைப்புகள். ஒன்றில் 9 தண்டுகள், இன்னொன்றில் 3, வடிவமைப்பும் வேறு வேறு. மின்காந்தப் பிடி விட்டால் புவியீர்ப்பே அவற்றைக் கீழே இறக்கிவிடும். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி நீர் பம்ப் ஹவுஸுக்குள் புகுந்தபோது ஓடிக்கொண்டிருந்த சென்னை அணுமின் நிலையத்தின் இரண்டாவது உலை பத்திரமாக நின்றது. 2011இல் ஃபுகுஷிமாவில் அவசர டீசல் ஜெனரேட்டர்கள் பல இருந்தும் ஒரே அலை பெரும்பாலானவற்றைச் சாய்த்துவிட்டது. எண்ணிக்கை இருந்தது, பெரும்பாலானவை தாழ்வாக நின்றன.

அந்த அலை நம் வீட்டில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸாக வரும். இரண்டு கன்ட்ரோலரையும் ஒரே பாக்ஸில் செருகினால் அதன் ஃபியூஸ் போன அன்றைக்கு இரண்டும் போச்சு. வேறு வேறு ஸ்விட்ச்போர்டில் செருகுங்கள். இரண்டு சென்சாரையும் ஒரே ரப்பர் பிடியில் ஒட்டாதீர்கள். பிடி கழன்று சென்சார் நீருக்கு வெளியே தொங்கினால், அது 24 டிகிரிக் காற்றைப் பார்த்து "இன்னும் சூடாகவில்லை" என்று ஹீட்டரை ஓட்டிக்கொண்டே இருக்கும். நான் கேள்விப்பட்ட விபத்துகளில் இதுதான் அதிகம். பிளாஸ்டிக் டையால் குழாயோடு கட்டிவிடுங்கள்.

30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி இல்லாத வீட்டில் மீன் தொட்டியே வேண்டாம் என்பேன். கம்பி பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கி மேலேற வேண்டும், அப்போதுதான் வழியும் நீர் பிளக்குக்குள் போகாது. நீர் மாற்றும்போது ஹீட்டரை அணைத்து ஆறவிடுங்கள். நீருக்கு வெளியே சூடாக நின்ற கண்ணாடிக் குழாய் மறுபடி நீர் பட்டால் விரிசல் விடும்.

மின்வெட்டுக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரை கடந்த இரவில் ஹீட்டரை நினைக்கவே இல்லை. தெர்மோகோல் அட்டை, பழைய போர்வை, பேட்டரியில் ஏர் பம்ப், அவ்வளவுதான். 100 வாட்டை எட்டு மணி நேரம் இன்வெர்ட்டரில் ஓட்டினால் 800 வாட் மணி, பேட்டரியில் பாதியைத் தின்றுவிடும். ஏர் பம்புக்கு நாலைந்து வாட் போதும்.

மாதம் ஒரு முறை சோதிக்கிறேன். டம்ளரில் வெதுவெதுப்பான நீர் எடுத்து ஒவ்வொரு சென்சாராக அதில் விட்டால் விளக்கு அணைய வேண்டும். பிறகு முதல் ஹீட்டரை ராத்திரி கழற்றிவிடுவேன், விடிகாலை இரண்டாவது எரிகிறதா என்று பார்ப்பேன். பிளக் முள்ளையும் பாருங்கள், நம் கடற்காற்றில் சீக்கிரம் பச்சை பிடிக்கும். பங்குனி பிறந்தால் இரண்டு ஹீட்டரையும் கழற்றி அலமாரியில் வைத்துவிடுவேன். அறை 32 இருக்கும்போது ஒட்டிக்கொண்டால் அந்த 100 வாட்டே 42க்குக் கொண்டுபோகும்.

இந்த மார்கழியில் நானும் வீட்டம்மாவும் பன்னிரண்டு நாள் கோவையில் இருப்போம். என் நான்கு டிஸ்கஸும் கொளத்தூரில் பழைய ஐம்பது பைசா அளவில் வாங்கியவை, இப்போது உள்ளங்கை அகலம். மாடி வீட்டுப் பையனிடம் சாவி கொடுத்தாயிற்று. தொட்டியில் ஒட்டிய சீட்டில் இரண்டே வரி எழுதியிருக்கிறேன். தெர்மாமீட்டர் 32க்கு மேல் காட்டினால் இரண்டு பிளக்கையும் பிடுங்கு. 26க்குக் கீழே காட்டினால் எனக்குப் போன் செய்.

புதுப்பட்டினத்து மாணவரின் தொட்டி 200 லிட்டர். அவர் இன்றிரவு ஹீட்டர் இல்லாமல் நீரை மட்டும் வைத்து இழப்பை அளக்கிறார். உங்களுக்கும் கணக்கு வேண்டுமென்றால் லிட்டர், அறை வெப்பநிலை, இரவு பத்து மணிக்கும் காலை ஆறு மணிக்கும் நீர் வெப்பநிலை, இந்த நான்கையும் கீழே எழுதுங்கள். ரயிலில் உட்கார்ந்து போட்டுத் தருகிறேன்.