விசுவமடுவில் ஒரு சாம்பல் நிற வீடு

பரந்தன் சந்தியில் முல்லைத்தீவு பஸ் ஏறினால் தர்மபுரம், விசுவமடு, உடையார்கட்டு என்று ஊர்கள் வந்துகொண்டே இருக்கும். 2009 இன் தொடக்கத்தில் இந்த வீதியால் நடந்தவர்களுக்கு அந்த வரிசை மறக்காது. இப்போது இருபக்கமும் வீடுகள். 2012 ஒக்ரோபரில் பெருமளவில் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டியவை அவற்றில் நிறைய. புது வீட்டுக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா, கட்டம் கட்டமாகக் கொடுத்தார்கள். கல் சுமந்து, தண்ணீர் ஊற்றி, மேசனுக்குப் பக்கத்தில் பெண்களே நின்று கட்டிய வீடுகள் பல. கூரையோடு காசு முடிந்தவர்களுக்குப் பூச்சுக்கு எதுவும் மிஞ்சவில்லை. அந்தச் சீமெந்துக் கல்லின் சாம்பல் நிறம் இன்னும் அங்கங்கே கண்ணில் படுகிறது.

நான் போன வீடும் 10 வருடத்துக்கு மேல் அப்படித்தான் இருந்தது. கணவரை இழந்து ஒரு மகளோடு இருக்கும் தங்கை ஒருத்தியின் வீடு. தையல் காசில் சீட்டுக் கட்டி உட்சுவருக்குப் பூச்சுப் பூசிவிட்டாள். இனிப் பெயின்ற். அவள் விரும்பியது சாம்பல் நிறம்.

அயலில் அதுவே பேச்சு. "இவ்வளவு நாளும் சாம்பலுக்குள்ளதானே இருந்தனீ, காசு குடுத்து இன்னொரு சாம்பலோ?" என்று பெரியம்மா முறையான ஒருவர் சிரித்தார். தமையன் மஞ்சள் அடிக்கச் சொன்னார், மங்கலமாக இருக்குமாம். வெள்ளைதான் உனக்குப் பொருத்தம் என்றவர்களும் உண்டு. ஏன் அப்படிச் சொன்னார்கள் என்று உங்களுக்கு விளங்கும்.

"அக்கா, உடுப்பை ஆக்கள் சொன்ன நிறத்திலதான் உடுத்தினன். சுவரையாவது நான் யோசிச்சு அடிக்கப் போறன். விறகடுப்புப் புகை, கிறவல் புழுதி, பிள்ளையின்ர கை, எல்லாம் வெள்ளையில அப்பிடியே தெரியும்" என்றாள்.

நல்ல யோசனைதான். ஆனால் சாம்பலில் எத்தனையோ சாம்பல் இருக்கிறது. வெள்ளைக்குள் கறுப்பை மட்டும் விட்டால் நீலம் ஓடியதுபோல் குளிர்ந்து தெரியும். அதற்குள் கொஞ்சம் மஞ்சளோ செங்காவியோ சேர்த்தால், மழையில் நனைந்து பழசான பனையோலை வேலியின் நிறம் வரும். கடை அட்டையை மட்டும் நம்பி வாங்குவது எனக்குப் பிடிக்காது. விரலளவு அட்டையில் ஒரு சுவர் தெரியுமா? இரண்டு விதமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, சுவரில் இரண்டு அடிச் சதுரமாக அடித்து, நன்றாகக் காயவிட்டு, காலையிலும் மதியத்திலும் இரவு பல்ப் வெளிச்சத்திலும் பார்த்தோம். வன்னியில் ஆவணிக் கடைசி முதல் சித்திரை வரை மத்தியான வெயில் தெற்குப் பக்கமாகச் சாய்ந்தே விழும். வடக்கு யன்னல் மட்டுமுள்ள அறையில் நீலச் சாம்பல் மாரிகால வானம்போல் இருண்டு கிடந்தது. மஞ்சள் கலந்தது தெளிந்து நின்றது. அதையே எடுத்தாள்.

மாரி முடிந்து மாசியில் வேலை தொடங்கியது. புதுப் பூச்சு 4 கிழமையாவது காய வேண்டும். ஈரச் சுவரில் அடித்தால் உப்புப் பூத்துப் பெயின்ற் உரியும். பூத்த உப்பைத் தண்ணீர் படாமல் காய்ந்த தூரிகையால் தட்டிவிட வேண்டும். பிறகு அடிப்பூச்சு ஒன்று, மேற்பூச்சு இரண்டு. கலக்கும்போது கறுப்பைச் சொட்டுச் சொட்டாக வெள்ளைக்குள் விடுங்கள். கறுப்புக் கூடிவிட்டால் அதைத் திருப்ப வாளிக்கணக்கில் வெள்ளை வேண்டும். முழு வீட்டுக்கும் தேவையானதை ஒரே தடவையில் கலந்துவிடுவது நல்லது. பாதியில் மறுபடி கலந்தால் அதே நிறம் வருவது கஷ்டம், சுவரில் கோடு காட்டிக்கொடுக்கும்.

குசினியிலும் விறாந்தையிலும் தரையிலிருந்து 3 அடிக்குக் கடும் சாம்பல் எனாமல் அடித்தோம், ஈரத்துணியால் துடைக்கலாம். மேலே மெல்லிய சாம்பல். யன்னலைச் சுற்றி மட்டும் வெள்ளை, வருகிற வெளிச்சம் வீணாகாது.

பெரியம்மா பார்க்க வந்தார். சுவரைத் தடவிவிட்டு, "எவ்வளவு மஞ்சள் விட்டனீ?" என்று கேட்டார். மிஞ்சிய எனாமல் அவருடைய குசினிக்குப் போனது. வாளியில் கிடந்த மெல்லிய சாம்பலைக் கொடுக்கவில்லை. கீறல் விழுந்தால் தொட்டு அடிக்க வேண்டுமென்று மூடியை இறுக்கிக் கட்டிலுக்குக் கீழே வைத்திருக்கிறாள்.